வரி அங்கே, ஓவர்டைம் இங்கே

“ஏனுங்க, அமெரிக்காவுல வரி போட்டா அதக் கட்டுறது அந்த ஊர்க்காரங்கதானுங்களே? இங்க எதுக்குங்க ஓவர்டைம் நிக்குது?”

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில் டீக்கடை வைத்திருப்பவர் 2025 செப்டம்பரில் என்னிடம் இப்படிக் கேட்டார். கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு ஓடினால்தான் இரவு வரைக்கும் அவர் கடையில் ஆள் இருக்கும். ஷிப்டு ஒன்றோடு முடிந்தால் சாயங்கால வியாபாரம் பாதியாகிவிடும். அவர் கேட்டது சரியான கேள்வி. உலக வணிகம் எப்படி நடக்கிறது என்பதை இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே வெகுதூரம் போய்ப் பார்க்கலாம். டீ வரட்டும். கொஞ்சம் கணக்கும் இருக்கிறது.

ஒரு பருத்தி டி-சர்ட்டை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக அதன் ஏற்றுமதி விலை 4 டாலர் என்று வையுங்கள். அமெரிக்கா பருத்தி டி-சர்ட்டுக்கு வழக்கமாக வாங்கும் சுங்கவரி 16.5 சதவீதம், அதாவது 66 சென்ட். 2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இந்தியப் பொருள்களுக்கு அதன்மேல் 25 சதவீதம் கூடியது. இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27-ஆம் தேதி இன்னொரு 25 சதவீதம் ஏறியது. ஆகமொத்தம் 66.5 சதவீதம். நம் 4 டாலர் டி-சர்ட் அமெரிக்கத் துறைமுகத்தைத் தாண்டும்போது 6 டாலர் 66 சென்ட் ஆகிவிட்டது. அதே நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம்தான். அங்கே தைத்த அதே 4 டாலர் டி-சர்ட் 5 டாலர் 46 சென்ட்டில் உள்ளே போனது. வித்தியாசம் 1 டாலர் 20 சென்ட்.

சட்டப்படி இந்த வரியைச் செலுத்துபவர் அமெரிக்க இறக்குமதியாளர்தான். அந்த அளவில் டீக்கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் பணத்தைச் செலுத்துவது யார் என்பது வேறு, அதன் பாரம் யார் மேல் இறங்குகிறது என்பது வேறு. விலகிப் போக வழியிருப்பவர் விலகிக்கொள்வார். வழியில்லாதவர் மேல்தான் பாரம் இறங்கும். டி-சர்ட் வாங்கும் பையருக்கு டாக்கா இருக்கிறது, ஹோ சி மின் நகரம் இருக்கிறது, ஜகார்த்தா இருக்கிறது. அடுத்த சீசனுக்கான ஆர்டரை ஒரு மின்னஞ்சலில் மாற்றிவிடலாம். நமது ஏற்றுமதியாளரோ கட்டடத்தையும் இயந்திரத்தையும் அடமானம் வைத்துக் கடன் வாங்கி இங்கேயே இருக்கிறார். ஆகவே பையர் தள்ளுபடி கேட்கிறார், இவர் கொடுக்கிறார். எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. வேறெங்கும் எளிதில் கிடைக்காத பொருளாக இருந்தால் அமெரிக்க வீட்டுக்காரர்தான் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார், பல பொருள்களில் அப்படித்தான் கொடுத்தார்கள். அடிப்படை டி-சர்ட் அந்த வகையில் சேராது.

லாபம் நூற்றுக்கு ஐந்தோ ஆறோ தேறினாலே நல்ல ஆர்டர் என்று சொல்லும் தொழில் இது. பத்து சதவீதத் தள்ளுபடியைக் கொடுக்கும் முதலாளி எங்கேயாவது அதை இறக்கி வைத்தாக வேண்டும். நூல் விலையில் கை வைக்க முடியாது, அதைத் தீர்மானிப்பது பருத்திச் சந்தை. வங்கி வட்டியிலும் முடியாது. மிஞ்சுவது ஜாப் ஒர்க் கூலியும் ஷிப்டும்தான். நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி ஆட்கள் செய்துகொடுக்கும் ஊரில் பில் தொகை தள்ளிப்போகிறது. கடைசியில் ஓவர்லாக் டெய்லருக்கும், பக்கத்தில் நின்று பீஸை எடுத்து அடுக்கும் கைமடிப் பெண்ணுக்கும் சனிக்கிழமைச் சம்பளம் குறைகிறது. அமெரிக்கக் கருவூலத்துக்குப் போன பணத்தின் ஒரு பகுதி அந்தச் சனிக்கிழமைக் கவரிலிருந்து போனதுதான். எண்ணெய் வாங்கியதில் எந்தப் பங்கும் இல்லாத கைமடிப் பெண் அதற்கான தண்டத்தைக் கட்டினார் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இவ்வளவு தூரத்திலிருக்கும் நாடுகளோடு திருப்பூர் எப்படி இப்படிப் பிணைந்தது?

1978-ல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வழியாகத் திருப்பூருக்கு வெள்ளை டி-சர்ட் வாங்க வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதையைத் தொடங்குவது ஊரில் வழக்கம். அதற்கு முன்பு இது உள்ளாடை ஊர். பனியனும் ஜட்டியும் இந்தியா முழுக்கப் போய்க்கொண்டிருந்தன. 1981-ல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைச் சங்கிலி வந்தது, பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். மழை பொய்த்த கொங்கு மேட்டில் கிணற்றடி விவசாயம் செய்த குடும்பங்கள் நிலத்தை வைத்துக் கடன் வாங்கி நான்கு மிஷின் போட்டன. டெய்லராக உள்ளே நுழைந்தவர் பத்து ஆண்டில் பங்காளியாகவும் முதலாளியாகவும் ஆன கதைகள் இங்கே ஏராளம்.

ஆனால் உலகம் அப்போது திறந்த சந்தையாக இல்லை. 1974-லிருந்து பணக்கார நாடுகள் தங்கள் துணி ஆலைகளைக் காக்க ஒரு பல்நாட்டு நூலிழை ஒப்பந்தம் வைத்திருந்தன. எந்த நாடு எந்த வகை ஆடையை எத்தனை உருப்படி அனுப்பலாம் என்று கோட்டா. நம்மூர் பழைய ஏற்றுமதியாளர்களிடம் கேட்டால், ஆர்டர் பிடிப்பதைவிடக் கோட்டா பிடிப்பதே பெரிய வேலையாக இருந்தது என்பார்கள். கோட்டாவைக் காசு கொடுத்து வாங்கினார்கள், விற்றார்கள்.

இந்தத் தடுப்பு செய்த இன்னொரு வேலையைப் பலரும் கவனிப்பதில்லை. தென் கொரியாவின் கோட்டா நிறைந்துபோனதும், அங்கிருந்த டேவூ நிறுவனம் கோட்டா இல்லாத ஒரு நாட்டைத் தேடியது. கிடைத்தது வங்கதேசம். அங்கே தேஷ் கார்மென்ட்ஸ் என்ற புது நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, 1979-ல் 130 பேரைக் கொரியாவுக்கு அழைத்துப்போய்த் தையலிலிருந்து சரக்கு அனுப்புவது வரை சொல்லிக்கொடுத்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளில் விலகித் தனித்தனிக் கம்பெனி தொடங்கினார்கள். வங்கதேச ஆடைத் தொழிலின் முளை அந்த 130 பேர்தான். கொரியாவை மடக்கப் போட்ட கோட்டா வங்கதேசத்தை உருவாக்கிவிட்டது. தடுத்த இடத்தில் வணிகம் செத்துப்போவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று இது.

உலக வணிக அமைப்பு 1995-ல் வந்தபோது கோட்டாவைப் பத்து ஆண்டில் படிப்படியாக எடுப்பதென்று முடிவானது. 2005 ஜனவரி 1-ஆம் தேதி அது முற்றிலும் போனது. கோட்டா போனால் வரிதான் வேலி. ஐரோப்பா 2001-லேயே மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு ஆயுதம் தவிர எல்லாவற்றுக்கும் வரி விலக்கு கொடுத்திருந்தது. வங்கதேசத்துக்குப் பூஜ்ஜியம், நமக்கு 9.6 சதவீத அளவு. ஐந்தாறு சதவீத லாபத்தில் ஓடும் தொழிலில் இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் திருப்பூர் வளர்ந்தது. 1985-ல் ஏறக்குறைய 15 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி. 2024-25-ல் ஏறக்குறைய 40,000 கோடி. இரண்டாயிரத்து அறுநூறு மடங்கு என்று மேடைகளில் சொல்வதுண்டு. இந்த இடத்தில் பொறுமையாக ஒரு கணக்குப் போட வேண்டும். 1985-ல் டாலர் பன்னிரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, 2024-25-ல் எண்பத்து நான்கைத் தாண்டிவிட்டது. டாலரில் பார்த்தால் ஒரு கோடியே இருபது லட்சம் என்பது 470 கோடி ஆகியிருக்கிறது. ஏறக்குறைய 390 மடங்கு. டாலரின் மதிப்பும் நாற்பது ஆண்டில் தேய்ந்திருக்கிறது, அதையும் கழிக்க வேண்டும். எல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவது பிரமிக்க வைக்கும் வளர்ச்சிதான். அந்த வளர்ச்சியில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். சொந்தச் சம்பளம் என்ற ஒன்றை முதல்முறை கையில் வாங்கிய பெண்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. உலகமயம் ஏழையை ஏழையாகவே வைத்திருக்கும் என்று ஒரே வரியில் சொல்பவர்கள் திருப்பூரின் ஒரு வாடகைக் காம்பவுண்டில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

சரக்கின் கதை இவ்வளவு. பணத்தின் கதை தனி.

பொருள்கள் உலகத்தோடு சேர்ந்த வேகத்தில் மூலதனம் சேரவில்லை. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களை ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பானர்ஜி 2019-ல் நோபல் பரிசு பெற்றவர். இந்தப் பகுதியின் நிலவுடைமைச் சமூகமான கவுண்டர்களின் நிறுவனங்கள் தொடக்கத்திலேயே கூடுதல் முதலோடு இறங்கின. வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலோடு தொடங்கினார்கள், ஆனால் சில ஆண்டுகளில் உற்பத்தியில் முந்திப் போனார்கள். திறமையாகப் பயன்படுத்துபவரைத் தேடி முதல் போகவில்லை, உறவையும் நம்பிக்கையையும் தேடிப் போயிருக்கிறது. இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் சொந்தபந்தக் கடன் இல்லையென்றால் இந்த ஊரே எழுந்திருக்காது. ஆனால் ஆர்டர் மிலானிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்துகொண்டிருந்தபோதும், கடன் இன்னார் மகன் என்ற விசாரிப்புக்குப் பிறகுதான் கிடைத்தது.

பிறகு வெளிநாட்டுப் பணம் வந்தது, வந்த வழியோ யாரும் எதிர்பாராதது. 2007-ல் அந்நிய முதலீட்டு நிறுவனங்கள் மும்பைப் பங்குச் சந்தையில் கோடிகோடியாகக் கொட்டின. சென்செக்ஸ் அந்த அக்டோபரில் 20,000-ஐத் தொட்டது. அவ்வளவு டாலர் உள்ளே வந்தால் டாலர் மலியும், ரூபாய் ஏறும். ஆண்டுத் தொடக்கத்தில் 44 ரூபாயாக இருந்த டாலர் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 39 ரூபாய் 40 பைசாவுக்கு வந்தது. நம் 4 டாலர் டி-சர்ட்டுக்கு 176 ரூபாய் வருமென்று கணக்குப் போட்டு ஆர்டர் எடுத்தவருக்குக் கையில் வந்தது 158. போனது 18 ரூபாய், அவர் லாபமோ பத்து ரூபாய்தான். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. நேரத்துக்குச் சரக்கு கொடுத்தார், தரமும் சரி. பங்குச் சந்தையில் நுழைந்த பணம் அவர் லாபத்தைத் துடைத்துக்கொண்டு போனது.

இதற்கு மருந்து உண்டு. மூன்று மாதம் கழித்து வரப்போகும் டாலரை இன்றைய ஒரு விலைக்கே வங்கியிடம் விற்பதாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். பார்வர்டு என்பார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் பேசிய தொகை வரும். இது நல்ல, எளிய கருவி. ஆனால் அன்றைக்கு இதோடு நிற்கவில்லை. சுவிஸ் பிராங்க், யென் என்று தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத நாணயங்களின் ஏற்ற இறக்கத்தின் மேல் கட்டிய சிக்கலான ஒப்பந்தங்களிலும் பல ஏற்றுமதியாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2008-ல் பிராங்க் ஏறியது. இவர்கள் பனியன் விற்றுச் சம்பாதித்ததைவிடக் கூடுதலாகத் தாளில் இழந்தார்கள். வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்தது, உள்ளே வந்த அந்நியப் பணம் வெளியே ஓடியது, டாலர் 50 ரூபாய்க்குப் பக்கத்தில் போனது. ஆனால் அதன் பலனும் முழுசாக வரவில்லை. 40-க்கு முன்பே விற்றுவிட்டவர்கள் ஒருபுறம், ஆர்டரே குறைந்துபோனவர்கள் மறுபுறம்.

வணிகமும் நிதியும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். சரக்கு வணிகத்தில் ஒரு ஆர்டர் கைமாற ஒரு சீசன் ஆகும். அதற்குள் ஒரு முதலாளி வேறு பையரைத் தேடலாம், ஒரு டெய்லர் வேறு கம்பெனி பார்க்கலாம். நிதி நுழையவும் வெளியேறவும் ஒரு நாள் போதும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கச் சிறு நிறுவனத்திடம் எதுவும் கிடையாது. பையர் பணம் தருவதோ சரக்கு போய்ச் சேர்ந்து 60, 90 நாள் கழித்து. அதுவரை நூல்காரருக்கும் டெய்லருக்கும் பணம் கொடுப்பது இங்கே வங்கியில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடன். யோசித்துப் பார்த்தால் திருப்பூர்ச் சிறுதொழில் ஐரோப்பியக் கடைகளுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

வளர்ச்சிக் கணக்கில் ஏறாத செலவும் உண்டு. வெள்ளியங்கிரியிலிருந்து வரும் நொய்யல் ஊருக்கு நடுவே போகிறது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் திறக்கப்பட்டது, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறு உப்பானது, தென்னை காய்ந்தது, அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். அவர்கள் நடத்திய வழக்கின் முடிவில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஜீரோ டிஸ்சார்ஜ் முறை இங்கே உண்மையாகவே வேரூன்றியது. இன்று இந்த விஷயத்தில் திருப்பூர் பெருமைப்படலாம். ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று ஏறிய அந்தச் சாயச் செலவை 4 டாலர் விலையில் சேர்த்துக் கொடுக்கப் பையர்கள் எளிதில் முன்வருவதில்லை. ஆறு கெட்ட காலத்தில் சட்டை மலிவாகக் கிடைத்தது. அந்த மலிவின் விலையை அன்று கட்டியவர் தென்னை காய்ந்த விவசாயி.

இனி அமெரிக்கப் பக்கத்துக்கு வருவோம். இந்த வரி எங்கிருந்து முளைத்தது என்று பார்க்காவிட்டால் கதை பாதிதான்.

வட கரோலினாவில் கன்னாபோலிஸ் என்று ஓர் ஊர். துண்டும் படுக்கை விரிப்பும் நெய்த ஆலை ஊர், தலைமுறை தலைமுறையாக ஆலைதான் சோறு. 2003 ஜூலை 30-ஆம் தேதி அங்கிருந்த பில்லோடெக்ஸ் நிறுவனம் இழுத்து மூடியது. மொத்தம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை போனது. அந்த மாநிலத்தில் அதற்கு முன் நடந்திராத பெரிய ஒருநாள் வேலையிழப்பு அது. நிறுவனத்தின் கடன் ஒரு காரணம், மலிவான இறக்குமதி இன்னொரு காரணம். 2001 டிசம்பரில் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்த பிறகு இப்படிப் பல ஊர்கள் அடிவாங்கின. பொருளியலாளர் டேவிட் ஆட்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தது. வேலை போனவர்கள் வேறு ஊருக்குப் போய் வேறு வேலை தேடிக்கொள்வார்கள் என்று பாடநூல்கள் நம்பின. பெரும்பாலோர் போகவில்லை. வீடு அங்கே, பெற்றோர் அங்கே, வயது ஐம்பது. அந்த ஊர்களில் வேலையும் கூலியும் நீண்ட நாள் எழவேயில்லை. அரசியலில் அவை தீவிர நிலைப்பாடுகளின் பக்கம் சாய்ந்ததைப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது.

வணிகத்தால் அமெரிக்கா மொத்தத்தில் நஷ்டப்படவில்லை, சட்டை எல்லோருக்கும் மலிந்தது. ஆனால் லாபம் முப்பது கோடிப் பேருக்குச் சில டாலராகப் பரவியது, நஷ்டம் கன்னாபோலிஸ் போன்ற ஊர்களில் முழு வாழ்க்கையாக இறங்கியது. இது தெரிந்துதான் 1962-லேயே அதிபர் கென்னடி காலத்தில் இறக்குமதியால் வேலை இழப்போருக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரும் திட்டம் ஒன்றைச் சட்டமாக்கினார்கள். அதற்கு ஒதுக்கியது எப்போதுமே கொஞ்சம். 2022 ஜூலையில் அதையும் நீட்டிக்காமல் காலாவதியாக விட்டுவிட்டார்கள். ஈடு கொடுக்கப்படாத அந்த நஷ்டம் வாக்காகித் தேர்தலில் வரிச்சுவரைக் கேட்டது. 2025-ல் எழுந்த சுவருக்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் அந்தச் சுவருக்கு மக்களிடம் ஆதரவு கிடைத்தது இங்கிருந்துதான் என்பது என் உறுதியான எண்ணம். கன்னாபோலிஸ் தொழிலாளியைக் கைவிட்டதன் பலனைத் திருப்பூர்த் தொழிலாளி அனுபவித்தார்.

இங்கே உடனே சில வேலைகள் நடந்தன. பருத்தி இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்டில் நிறுத்தி வைத்து, பிறகு டிசம்பர் வரை நீட்டினார்கள். அதற்கு முன்பே ஜூலை 24-ஆம் தேதி பிரிட்டனோடு வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஒரே நாட்டை நம்பியிராமல் பல சந்தைகளுக்குப் போவது நல்லதுதான், போகவும் வேண்டும். ஆனால் இவையெல்லாம் கம்பெனிக்கான மருந்து. ஷிப்டு குறைந்தவருக்கு என்ன இருக்கிறது என்று 2025-ல் தேடினால் கையில் கிடைத்தது கொஞ்சம்தான், அதில் ஒரு திட்டத்தைப் பார்ப்போம். ஈ.எஸ்.ஐ. நடத்தும் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, 2018-ல் தொடங்கியது. வேலை இழந்த, ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளிக்கு வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை உதவி. தொகையை 2020-ல் சராசரிக் கூலியின் பாதியாக உயர்த்தினார்கள். பெற வேண்டுமானால் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டப்பட்டிருக்க வேண்டும், வேலை முழுதாகப் போயிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மூலம் பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லர் பெயர் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒன்றரை ஷிப்டு ஒன்றாகக் குறைந்தவர் வேலை இழந்தவராகவே கருதப்படமாட்டார். திருப்பூர் 40,000 கோடி ஈட்டிய ஆண்டிலும் நிலைமை இதுதான். ஏற்றுமதிக்கு அரசு கொடுக்கும் வரித் திரும்பீட்டில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, கான்ட்ராக்ட் டெய்லரையும் கைமடியையும் பெயரோடு பதிந்து, குறைந்துபோன ஷிப்டுக்கும் ஈடு கொடுக்கும் நிதி ஒன்றை இந்த ஊரிலேயே தொடங்கலாம். இதற்கு வாஷிங்டனோடு பேச வேண்டியதில்லை. சென்னையும் டெல்லியும் திருப்பூர்ச் சங்கங்களும் உட்கார்ந்து பேசினால் போதும்.